மிரெல்லா ஃப்ரேனி: அரை நூற்றாண்டு பாடிய ஒரு சோப்ரானோ – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாட்டாலேயே நடக்கும் இசை நாடகமான இத்தாலிய ஓபராவைக் கேட்கத் தொடங்குபவர்கள் விரைவிலேயே மிரெல்லா ஃப்ரேனியின் குரலைச் சந்தித்துவிடுகிறார்கள். இசையமைப்பாளர் புச்சீனியின் எந்தப் படைப்பைத் தேடினாலும் பரிந்துரைக்கப்படும் முதல் சில பதிவுகளில் அவருடைய பெயர் இருக்கும். அவர் எப்படி உருவானார், எதைப் பாடினார், எதைப் பாட மறுத்தார் என்பதையொட்டி எழும் கேள்விகளுக்கு, அவருடைய பதிவுகளைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருபவன் என்ற முறையில் இங்கே விடையளிக்க முயன்றுள்ளேன்.

மிரெல்லா ஃப்ரேனி யார்?

வட இத்தாலியிலுள்ள மோதெனா நகரில் 1935 பிப்ரவரி 27 அன்று பிறந்தவர். குடும்பப் பெயர் உண்மையில் ஃப்ரெஞி; எல்லோராலும் எளிதாக உச்சரிக்க முடியும் என்பதற்காக மேடையில் அதை ஃப்ரேனி என்று மாற்றிக்கொண்டார். 1955 இல் முதன்முதலாக மேடையேறிய அவர் 2005 வரை பாடினார். அதாவது 20 வயதை எட்டுவதற்குச் சில நாட்கள் முன்பு தொடங்கி, 70 வயதைக் கடந்த பிறகே நிறுத்தினார். 2020 பிப்ரவரி 9 அன்று, பிறந்த ஊரான மோதெனாவிலேயே காலமானார்.

சோப்ரானோ என்பது பெண் குரல்களில் மிக உயர்ந்த ஸ்தாயியில் பாடும் குரல். அதைத் தேய்மானமின்றி 50 ஆண்டுகள் மேடையில் வைத்திருப்பது மிக அரிது. பல சோப்ரானோக்கள் 50 வயதை நெருங்கும்போதே மேல் ஸ்தாயியில் நடுக்கம் கண்டு விலகிவிடுகிறார்கள். ஃப்ரேனியின் வாழ்க்கையை ஆராயும்போது, அவருக்குக் கிடைத்த வாய்ப்புகளைப் போலவே அவர் தள்ளிப்போட்ட வாய்ப்புகளும் முக்கியமானவை என்று எனக்குத் தோன்றுகிறது.

அவரும் ஓபராப் பாடகர் லூசியானோ பவரொட்டியும் ஒரே செவிலித்தாயிடம் பால் குடித்தவர்கள் என்பது உண்மையா?

உண்மைதான். இருவரும் 1935 இல் மோதெனாவில் பிறந்தவர்கள். ஃப்ரேனி பிப்ரவரியில், பவரொட்டி அக்டோபரில். இருவருடைய தாய்மார்களும் ஒரே புகையிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். குழந்தைகள் இருவருக்கும் ஒரே செவிலித்தாய் பாலூட்டினார். பவரொட்டியின் பருமனைக் காட்டி, பால் யாருக்கு அதிகம் போனது என்பது பார்த்தாலே தெரிகிறதே என்று ஃப்ரேனி வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பிற்காலத்தில் இருவரும் மேடையிலும் ஒலிப்பதிவுக் கூடத்திலும் காதலர்களாகப் பாடியபோது, ஒருவர் மூச்சு விடும் இடம் மற்றவருக்கு முன்கூட்டியே தெரிந்ததுபோல் இருப்பதற்கு இந்த நீண்ட பழக்கமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

சிறுமியாக இருந்தபோதே பாடியவர், நடுவில் ஏன் நிறுத்தினார்?

10 வயதில் ஃப்ரேனி ஒரு வானொலிப் போட்டியில், புச்சீனியின் ‘மதாமா பட்டர்ஃபிளை’யில் வரும் ‘ஊன் பெல் தீ வெத்ரெமோ’ என்ற ஏரியாவை (ஓபராவில் ஒரு பாத்திரம் தனித்துப் பாடும் பாட்டு) பாடினார். வளர்ந்த பெண்களின் குரலுக்கே சோதனையான பாட்டு அது. அக்காலத்தில் இத்தாலியின் தலைசிறந்த டெனராக (உயர்ந்த ஆண் குரல் பாடகராக) விளங்கிய பெனியாமினோ ஜிலி, இந்தப் பிஞ்சுக் குரலை இப்படியே பாடவிட்டால் கெட்டுப்போகும், வயது வரும்வரை பாடாமல் இருக்கட்டும் என்று அறிவுரை கூறினார். ஃப்ரேனி அதைக் கேட்டுக்கொண்டார். 17 வயதில்தான் மீண்டும் முறையாகப் பயிற்சியைத் தொடங்கினார்.

கைதட்டல் கிடைத்த பிறகு ஒரு குழந்தை பல ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது எளிதல்ல. ஆனாலும், பாட முடிகிறது என்பதாலேயே ஒன்றைப் பாடிவிடக் கூடாது என்ற பாடத்தை அவர் அந்த வயதிலேயே கற்றுக்கொண்டுவிட்டார். அன்று பாடிய அந்தப் பாத்திரத்தை அவர் வாழ்நாள் முழுவதும் எப்படி அணுகினார் என்பதைக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

அவருடைய முதல் மேடை எது?

1955 பிப்ரவரி 3 அன்று மோதெனாவின் நகர அரங்கில், பிஸேயின் ‘கார்மென்’ ஓபராவில் மிக்காயெலா என்ற கிராமத்துப் பெண்ணாகப் பாடினார். அதற்குப் பின் உடனே ஊர் ஊராகப் பாடப் போய்விடவில்லை. தம் ஆசிரியர்களில் ஒருவரான பியானோ கலைஞர் லெயோனே மஜேராவை மணந்தார், மகள் பிறந்தாள், முதன்முதலாக ஏற்ற பாத்திரத்தின் நினைவாக அவளுக்கு மிக்காயெலா என்று பெயரிட்டார். சில ஆண்டு இடைவெளியில் மாந்துவா நகரில் எத்தோரே காம்பொகல்லியானி என்ற புகழ்பெற்ற ஆசிரியரிடமும் பயின்றார். வெர்செல்லி நகரில் நடக்கும் வியோத்தி போட்டியில் வென்றபின், 1958 முதல் தொடர்ந்து மேடையேறத் தொடங்கினார்.

அதன் பிறகு ஏற்றம் விரைவாக நிகழ்ந்தது. 1960 இல் இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன் விழாவில் மொசார்ட்டின் ‘தோன் ஜொவான்னி’யில் ஸெர்லீனா, 1961 இல் லண்டன் கோவென்ட் கார்டனில் வெர்டியின் ‘ஃபால்ஸ்டாஃப்’பில் நன்னெத்தா, 1963 இல் மிலானின் லா ஸ்காலா ஓபரா அரங்கம்.

அவருடையது எந்த வகைச் சோப்ரானோ குரல்?

ஓபராவில் ஒலிபெருக்கி கிடையாது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் சுமார் 3,800 இருக்கைகள் உள்ளன. முன்னால் பெரிய வாத்தியக் குழு வாசித்துக்கொண்டிருக்கும்போது, பாடுபவரின் வெறுங்குரல் கடைசி வரிசைவரை எட்ட வேண்டும். எனவே குரலின் எடைக்கும் பாத்திரத்தின் எடைக்கும் பொருத்தம் பார்ப்பது ஓபராவில் உயிர்நாடியான செய்தி. குரலுக்கு மிஞ்சிய பாத்திரத்தை ஏற்றால், வாத்தியங்களை மீறிக் கேட்பதற்காகப் பாடகர் தொண்டையை அழுத்துவார். அந்த அழுத்தம் சில ஆண்டுகளில் நடுக்கமாகவும் சுருதி விலகலாகவும் வெளிப்படும்.

ஃப்ரேனியுடையது ‘லிரிக்’ வகைக் குரல். இளமையும் கனிவும் கொண்டு, நீண்ட சொற்றொடர்களை இழைத்துப் பாடுவதற்கு ஏற்ற குரல் அது. அதற்கு அடுத்த படியிலுள்ளது ‘ஸ்பிந்தோ’. உந்தப்பட்டது என்று பொருள்படும் இத்தாலியச் சொல் இது. லிரிக் குரலின் இனிமையோடு, உச்சக்கட்டங்களில் வாத்தியக் குழுவை ஊடுருவும் கூர்மையும் இதற்கு வேண்டும். ஃப்ரேனி தம் தொழில்வாழ்வின் முதல் 15 ஆண்டுகளை லிரிக் பாத்திரங்களிலேயே கழித்தார். பிறகுதான் ஒவ்வொரு படியாக ஸ்பிந்தோ பாத்திரங்களுக்கு ஏறினார். ஏறும்போதும் குரலைத் தடிப்பாக்கிக்கொள்ளவில்லை. 1980களில் அவர் பாடிய கனமான பாத்திரங்களிலும் அடியில் இருப்பது 1960களின் அதே தெளிந்த சாரீரம்தான்.

‘லா போஹேம்’ என்றதும் ஏன் ஃப்ரேனியின் பெயரைச் சொல்கிறார்கள்?

1963 ஜனவரி 31 அன்று லா ஸ்காலாவில் ஃபிராங்கோ ஜெஃபிரெல்லியின் மேடையாக்கத்தில், ஹெர்பர்ட் ஃபான் காராயான் இசை நடத்த, புச்சீனியின் இந்த ஓபராவில் ஃப்ரேனி நாயகி மிமியாகப் பாடினார். அந்த மேடையாக்கம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக லா ஸ்காலாவில் மீண்டும் மீண்டும் நிகழ்த்தப்பட்டு வருகிறது. 1965 இல் அது திரைப்படமாகவும் வெளிவந்தது. அதே 1965 செப்டம்பர் 29 அன்று மெட்ரோபாலிட்டன் ஓபராவில் அவர் அறிமுகமானதும் மிமியாகத்தான்.

பாரிஸின் ஒரு மொட்டைமாடி அறை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு. பக்கத்து அறையில் குடியிருக்கும் தையல்காரப் பெண் மிமி, அணைந்துபோன மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொள்ளக் கவிஞன் ரொதோல்ஃபோவின் கதவைத் தட்டுகிறாள். சாவி தொலைகிறது, இருட்டில் இருவரும் தேடுகிறார்கள், கைகள் தொட்டுக்கொள்கின்றன. அவன் தன்னைப் பற்றிப் பாடி முடித்ததும், நீ யார் என்று கேட்கிறான். அதற்கு அவள் தரும் விடைதான் ‘மி கியாமனோ மிமி’ என்ற ஏரியா.

இந்தப் பாட்டை 1972 இல் பெர்லினில் காராயான் நடத்திய பதிவில் கேட்டுப் பாருங்கள். என்னை மிமி என்று அழைக்கிறார்கள், ஆனால் என் பெயர் லூசியா என்ற தொடக்க வரிகளை ஃப்ரேனி பேச்சுக்கு மிக அருகில் வைத்துக்கொள்கிறார். வீட்டில் தனியாக இருப்பதையும் துணியில் பூ வேலை செய்வதையும் சொல்லிக்கொண்டே வந்தவள், பனி உருகும்போது முதல் வெயில் எனக்குத்தான் என்ற வரிக்கு வரும்போது, தந்தி வாத்தியங்கள் அடியிலிருந்து எழும்புகின்றன. குரலும் அவற்றோடு சேர்ந்து திறந்துகொள்கிறது. பல பாடகிகள் இந்த இடத்தில் தங்கள் குரலின் அளவைக் காட்டிவிடுவார்கள். ஃப்ரேனியின் குரலும் இங்கே பெரிதாகிறது. ஆனால் அது ஒரு ஏழைப் பெண் சன்னலைத் திறந்தபோது அறைக்குள் வந்த வெளிச்சத்தின் அளவுக்கே பெரிதாகிறது. அடுத்த சில நொடிகளில், நான் செய்யும் பூக்களுக்கு மணம் இல்லை என்ற வரியில் அந்த ஒளி மங்குகிறது. கடைசியில், வேளை கெட்ட வேளையில் வந்து தொந்தரவு செய்யும் அண்டை வீட்டுக்காரி நான் என்று சொல்லி முடிக்கும்போது, ஏறக்குறைய ஒரே சுரத்தில், வெட்கத்தோடு, வேகமாக உதிர்த்துவிடுகிறார். புச்சீனி இந்த ஏரியாவைக் கைதட்டலுக்கு வாய்ப்பான உச்சத்தில் முடிக்காமல் பேச்சில் முடித்தது எதற்காக என்பது எனக்கு இந்தப் பதிவைக் கேட்டபோதுதான் விளங்கியது.

இந்தப் பதிவில் ரொதோல்ஃபோ, பவரொட்டி. வாசிப்பது பெர்லின் ஃபில்ஹார்மோனிக்.

லா ஸ்காலாவில் அவருக்கு எதிராகக் கூச்சல் எழுந்ததாகச் சொல்கிறார்களே?

ஆம். ‘லா போஹேம்’ வெற்றிக்கு இரண்டு ஆண்டுகூட ஆகாத நிலையில், 1964 டிசம்பரில், அதே காராயான், அதே ஜெஃபிரெல்லி, அதே அரங்கு. இம்முறை வெர்டியின் ‘லா டிராவியாட்டா’. வியொலெத்தாவாகப் பாடிய ஃப்ரேனிக்கு எதிராக மேல்மாடியிலிருந்து கூச்சல் எழுந்தது. அவர் விலகிக்கொள்ள, அன்னா மோஃபோ அந்த இடத்துக்கு வந்தார்.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அந்தப் பாத்திரம். முதல் காட்சியில் மின்னல் வேகப் பிருகாக்கள், இரண்டாவதில் நீண்ட உருக்கம், மூன்றாவதில் மரணத்தறுவாயின் நாடகம் என்று ஒரே இரவில் மூன்று வகைக் குரல்களை அது கேட்கிறது. இரண்டாவது காரணம், ஒரு நினைவு. 1955 இல் அதே மேடையில் லுக்கினோ விஸ்கொந்தியின் இயக்கத்தில் புகழ்பெற்ற சோப்ரானோ மரியா கல்லாஸ் பாடிய வியொலெத்தாவை மிலான் ரசிகர்கள் மறக்கவில்லை. வேறு யாரையும் ஏற்றுக்கொள்ளும் மனநிலையிலும் அவர்கள் இல்லை. 1964க்குப் பிறகு ரிக்கார்தோ மூத்தி 1990 இல் துணியும்வரை லா ஸ்காலா ‘லா டிராவியாட்டா’வை மேடையேற்றவே இல்லை என்பதிலிருந்து அந்த நிழலின் நீளத்தை உணரலாம்.

ஃப்ரேனி அந்தப் பாத்திரத்தையே கைவிட்டுவிடவில்லை. 1967 இல் கோவென்ட் கார்டனில் கார்லோ மரியா ஜூலினி நடத்த, கல்லாஸை இயக்கிய அதே விஸ்கொந்தியின் புதிய மேடையாக்கத்தில் வியொலெத்தாவாகப் பாடினார். 1973 இல் லம்பெர்த்தோ கார்தெல்லியுடன் முழு ஓபராவையும் பதிவுசெய்தார். 29 வயதில் அப்படியோர் அவமானத்தைச் சந்தித்த கலைஞர், மூன்றே ஆண்டுகளில் அதே பாத்திரத்தோடு வேறொரு பெரிய மேடையில் நின்றது அவருடைய மனவுறுதிக்குச் சான்று.

காராயானுடன் அவருடைய உறவு எப்படிப்பட்டது?

ஃப்ரேனியின் வாழ்வில் மிகப் பெரிய வாய்ப்புகளையும் மிகப் பெரிய ஆபத்துகளையும் ஒருங்கே கொண்டுவந்தவர் காராயான் என்று கருதுகிறேன். கனமான பாத்திரங்களுக்கு மெல்லிய, அழகிய குரல்களைத் தேர்ந்தெடுப்பது அவருடைய வழக்கம். வாத்தியக் குழுவை அந்தக் குரலுக்கு ஏற்றபடி தணித்து வாசிக்கச் செய்யும் திறமை அவருக்கு இருந்ததால் அது பெரும்பாலும் பலித்தது. ஆனால் காராயானோடு பாடியதை வேறொரு நடத்துநரின் கீழ், அடங்காத வாத்தியக் குழுவோடு பாடினால் என்ன ஆகும் என்பதைப் பாடகர்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1970 இல் சால்ஸ்பர்க்கில் அவர் ஃப்ரேனியை வெர்டியின் ‘ஒத்தெல்லோ’வில் தெஸ்தேமோனாவாகப் பாடவைத்தார். ஜான் விக்கர்ஸ் என்னும் பிரம்மாண்டமான டெனருக்கு எதிரே அந்தக் குரல் நிற்குமா என்ற ஐயம் இருந்தது; நின்றது. 1975 இல் ‘தோன் கார்லோ’வின் எலிசபெத்தா, 1979 இல் ‘ஆயிதா’. ஒவ்வொன்றுக்கும் இடையில் நான்கைந்து ஆண்டுகள். அந்த இடைவெளிகளில் மிமியும் மொசார்ட்டின் சுசன்னாவும் தொடர்ந்தார்கள். குரல் தன் இயல்பான எடைக்குத் திரும்பிக்கொண்டே இருந்தது.

பிறகு காராயான் ‘தூரந்தோத்’ தலைமைப் பாத்திரத்தைக் கேட்டார். வாத்தியக் குழுவின் முழுப் பலத்துக்கும் மேலாக எஃகுபோல் நிற்க வேண்டிய பாத்திரம் அது. ஃப்ரேனி மறுத்துவிட்டார். அக்காலத்தில் காராயானிடம் முடியாது என்று சொல்லும் துணிவு பெரும்பாலான பாடகர்களுக்கு இருந்ததில்லை. 1981 இல் அவர் அதைக் காத்தியா ரிச்சாரெல்லியைக் கொண்டு பதிவுசெய்தார். அதே ஓபராவில் லியூ என்ற அடிமைப் பெண்ணின் பாத்திரம் ஃப்ரேனியின் குரலுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும். மெட்ரோபாலிட்டனில் அதை அவர் 1960களிலேயே பாடியிருந்தார்.

புகழ்பெற்ற பட்டர்ஃபிளை பதிவு இருக்கிறதே, அதை ஏன் மேடையில் முழுமையாகப் பாடவில்லை?

1974 இல் வியன்னா ஃபில்ஹார்மோனிக்குடன் காராயான் நடத்திய ‘மதாமா பட்டர்ஃபிளை’ இசைத்தட்டை, அந்த ஓபராவின் மிகச் சிறந்த பதிவு என்று பலர் சொல்வார்கள்; நானும் அவர்களில் ஒருவன். அதில் பவரொட்டி நாயகியின் கணவன் பிங்கர்ட்டனாகவும் கிறிஸ்தா லுத்விக் அவளுடைய பணிப்பெண் சுசூகியாகவும் பாடுகிறார்கள். ஜான் பியேர் பொனெல் இயக்கிய திரைப்பட வடிவத்தில் பிங்கர்ட்டன், பிளாசிதோ தொமிங்கோ. இவ்வளவு இருந்தும், பட்டர்ஃபிளை என்று அழைக்கப்படும் நாயகி சோ-சோ-சானாக ஃப்ரேனி முழு ஓபராவையும் மேடையில் ஒருமுறைகூடப் பாடியதில்லை.

காரணத்தை அந்தப் பாத்திரத்தின் கட்டமைப்பிலேயே காணலாம். முதல் அங்கத்தின் நடுவில் நுழையும் பட்டர்ஃபிளை, ஓபரா முடியும்வரை ஏறக்குறைய மேடையை விட்டு நீங்குவதே இல்லை. 15 வயதுச் சிறுமியாக மெல்லிய குரலில் தொடங்கி, நீண்ட காதல் பாட்டைக் கடந்து, மூன்றாண்டுக் காத்திருப்பைச் சுமந்து, கடைசியில் குழந்தையிடம் விடைபெற்று உயிரை மாய்த்துக்கொள்ளும்போது, குரல் மிகவும் களைத்திருக்கும் அந்த வேளையில்தான் புச்சீனி அதனிடம் மிகுந்த பலத்தைக் கேட்கிறார். ஒலிப்பதிவில் அந்தக் காட்சியைத் தனியொரு நாளில், ஓய்வெடுத்த குரலோடு பாடலாம். மேடையில் அப்படி முடியாது. இதோடு, அழுகையை அடக்கிப் பாட வேண்டிய சுமையும் சேர்கிறது. தொண்டை இறுகினால் பாட்டு நின்றுவிடும்.

10 வயதில் ஜிலி தடுத்த ‘ஊன் பெல் தீ’ ஏரியாவை நாற்பதை நெருங்கும் பெண்மணியாக அவர் பாடுவதை இந்தத் தட்டில் கேட்கலாம். கடலில் ஒரு கீற்றுப் புகை தெரியும், பிறகு வெள்ளைக் கப்பல் வரும் என்று அவள் விவரிக்கத் தொடங்கும் முதல் சுரமே எங்கோ தொலைவிலிருந்து மிதந்து வருகிறது. கணவன் மலையேறி வருவதாகக் கற்பனை செய்துகொள்ளும் இடத்தில் குரல் குழந்தைத்தனமாகக் குறுகுறுக்கிறது. அவன் நிச்சயம் வருவான் என்ற முடிவு வரிகளில்தான், அதுவரை சேமித்து வைத்திருந்த முழுக் குரலையும் அவர் வெளியே விடுகிறார்.

மொசார்ட்டையும் பிரெஞ்சு ஓபராக்களையும் பாடினாரா?

நிறையவே பாடினார். ‘ஃபீகரோவின் திருமணம்’ ஓபராவில் சுசன்னா அவருக்கு மிக நெருக்கமான பாத்திரம். நான்கு அங்கங்களிலும் ஓடியாடிப் பாட வேண்டிய, மிக நீளமான பாத்திரங்களில் ஒன்று அது. 1973 இல் பாரிஸ் ஓபராவுக்காக ஜோர்ஜோ ஸ்த்ரேலர் உருவாக்கிய மேடையாக்கத்திலும், 1976 இல் கார்ல் பேம் நடத்த பொனெல் எடுத்த திரைப்படத்திலும் அவரே சுசன்னா. பிரெஞ்சில் மிக்காயெலா, கூனோவின் ‘ஃபாஸ்ட்’ ஓபராவில் மார்கரீத், 1960களின் இறுதியில் ஃபிராங்கோ கொரெல்லியோடு மேடையிலும் தட்டிலும் ஜூலியட்.

வெர்டி பாத்திரங்களில் எதை முதலில் கேட்க வேண்டும்?

‘சிமோன் பொக்கனேக்ரா’வின் அமேலியா. 1971 டிசம்பரில் லா ஸ்காலா பருவத்தின் தொடக்க நாளில் கிளாவ்தியோ அப்பாதோ நடத்த, ஸ்த்ரேலர் இயக்கிய அந்த மேடையாக்கம் இந்த ஓபராவின் மதிப்பையே உயர்த்தியது. 1977 இல் அதே நடத்துநருடன் இசைத்தட்டும் வந்தது. பியேரோ கப்புச்சில்லி, நிக்கோலாய் கியாவ்ரோவ், ஹோசே கரேராஸ் ஆகியோர் உடன் பாடியவர்கள்.

முதல் அங்கத்தின் இறுதியில் ஜெனோவாவின் சபைக் கூடத்தில் கலவரம் மூளுகிறது. தலைவர் சிமோன் குடிமக்களையும் பிரபுக்களையும் சமாதானத்துக்கு அழைத்துப் பாடியதும், அனைவரும் சேர்ந்து பாடும் பெரும் கூட்டிசை தொடங்குகிறது. அத்தனை ஆண் குரல்களின் அடர்த்திக்கு மேலே அமேலியாவின் குரல் ஒரு தனி இழையாக எழும்பி, அமைதி என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி, இறுதியில் ஒரு மெல்லிய நடுக்கச் சுரக்கோவையில் அடங்குகிறது. கத்தினால் இந்த இடம் பாழாகிவிடும். மிக மென்மையாகப் பாடினால் கேட்காது. ஃப்ரேனி இதில் குரலைக் கூட்டுவதற்குப் பதிலாக அதன் ஒலியைக் குவித்து ஒருமுகப்படுத்துகிறார். அதனால் அது தானாகவே மேலே மிதக்கிறது. ஸ்பிந்தோ பாத்திரங்களை ஒரு லிரிக் குரல் எப்படிப் பாடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

ருஷ்ய ஓபராக்களுக்கு எப்படி வந்தார்?

முதல் திருமணம் முறிந்த பிறகு, பல்கேரியாவைச் சேர்ந்த பாஸ் (மிகத் தாழ்ந்த ஆண் குரல்) பாடகர் நிக்கோலாய் கியாவ்ரோவை மணந்தார். ருஷ்ய ஓபராக்களில் ஊறியவரான கியாவ்ரோவின் துணையோடு அந்த மொழியின் உச்சரிப்பைக் கற்று, சாய்கோவ்ஸ்கியின் ‘யெவ்கெனி ஒனேகின்’ ஓபராவில் தத்தியானாவைப் பாடினார். 1992 இல் வியன்னாவில் செய்ஜி ஒசாவா நடத்திய ‘இஸ்பேடு ராணி’யில் லீசா. ஐம்பதைத் தொட்ட ஒரு பாடகி, இரவு முழுவதும் காதல் கடிதம் எழுதும் பருவப் பெண் தத்தியானாவாகப் பாடுவதை நம்பவைத்தார் என்றால், அதற்கு அந்தக் குரலில் கெடாமல் காக்கப்பட்ட இளமையே காரணம்.

50 வயதுக்குப் பிறகு என்ன பாடினார்?

புச்சீனியின் மனோன் லெஸ்கோ, சிலேயாவின் அத்ரியானா லெக்குவ்ரோர், ஜோர்தானோவின் ஃபெதோரா ஆகியோர் இக்காலத்தின் முக்கியப் பாத்திரங்கள். 1989 இல் லா ஸ்காலாவில் அத்ரியானா, 1996 இல் மெட்ரோபாலிட்டனில் தொமிங்கோவுடன் ஃபெதோரா. இவை 19ஆம் நூற்றாண்டின் இறுதியையும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்த இத்தாலிய ஓபராக்கள். இவற்றில் உச்ச ஸ்தாயிச் சாகசங்கள் குறைவு. நடு ஸ்தாயியின் நிறமும் சொற்களின் உச்சரிப்பும் நடிப்புமே பாத்திரத்தைத் தாங்குகின்றன. வயதின் போக்கை அறிந்து செய்த தேர்வு இது. ஃபெதோராவை விமர்சகர்கள் பலர் மட்டமான ஓபரா என்று ஒதுக்குவார்கள். ஃப்ரேனி பாடும் கடைசி அங்கத்தைக் கேட்டபின் அந்தத் தீர்ப்போடு ஒத்துப்போக என்னால் முடியவில்லை.

அவரையும் ரெனாத்தா ஸ்கொத்தோவையும் ஒப்பிடலாமா?

ஒப்பிடுவது பயனுள்ளதே. இத்தாலியச் சோப்ரானோவான ஸ்கொத்தோ 1934 இல் பிறந்தவர். ஃப்ரேனிக்கு ஓராண்டு மூத்தவர். 1965 இலையுதிர் காலத்தில் இரண்டே வார இடைவெளியில் இருவரும் மெட்ரோபாலிட்டனில் அறிமுகமானார்கள். ஃப்ரேனி மிமியாக, ஸ்கொத்தோ பட்டர்ஃபிளையாக. ஸ்கொத்தோ பின்னாளில் நோர்மா, லேடி மக்பெத் போன்ற கொடும் பாரமுள்ள பாத்திரங்களுக்கும் துணிந்தார். சொற்களைச் செதுக்குவதில் அவர் மேம்பட்டவர். ஆனால் மேல் சுரங்கள் கரடுமுரடாயின. ஃப்ரேனியிடம் அந்த அளவு நாடகத் தீவிரம் இல்லை என்று சொல்பவர்களின் கருத்தில் ஓரளவு உண்மை உண்டு. அவர் தந்தது வேறொன்று: ஒலியின் அழகு குலையாமலேயே ஒரு மனுஷியின் துயரத்தைக் கேட்பவருக்குள் இறக்கிவிடுவது.

கடைசியாக எப்போது மேடையேறினார்?

2005 ஏப்ரல் 11 அன்று, அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில், சாய்கோவ்ஸ்கியின் ‘ஓர்லியான் கன்னி’ ஓபராவில் ஜோன் ஆஃப் ஆர்க்காகப் பாடியதே அவருடைய கடைசி ஓபரா நிகழ்ச்சி. பாடியவருக்கு வயது 70; பாத்திரத்துக்கு இருபதுகூட நிரம்பவில்லை. அடுத்த மாதம் மெட்ரோபாலிட்டன் ஓபரா, அங்கே அவர் அறிமுகமானதன் 40ஆம் ஆண்டையும் மேடை வாழ்வின் 50ஆம் ஆண்டையும் ஒட்டி ஜேம்ஸ் லெவைன் நடத்திய சிறப்பு நிகழ்ச்சியில் அவரைப் பெருமைப்படுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் கியாவ்ரோவ் காலமாகியிருந்தார்.

மாணவர்களுக்குக் கற்பித்தாரா?

மோதெனாவுக்கு அருகிலுள்ள வின்யோலா என்ற சிற்றூரில் கணவரோடு சேர்ந்து 2002 இல் ஒரு பாட்டுப் பயிற்சி மையத்தைத் தொடங்கினார். கணவரின் மறைவுக்குப் பிறகும் பல நாடுகளிலிருந்து வந்த இளம் பாடகர்களுக்குத் தொடர்ந்து கற்பித்தார். செர்ரிப் பழத்துக்குப் பேர்போன ஊர் வின்யோலா. 1968 இல் ஃப்ரேனியும் பவரொட்டியும் பதிவுசெய்த மஸ்காஞியின் ‘லாமீகோ ஃப்ரிட்ஸ்’ ஓபராவில், காதலர்கள் இருவரும் செர்ரி பறித்துக்கொண்டே பாடும் இணைப்பாட்டு ஒன்று உண்டு. அதைக் கேட்கும்போதெல்லாம் இவ்விருவரும் வளர்ந்த மண் எனக்கு நினைவுக்கு வரும்.

மோதெனாவில் ஃப்ரேனி முதன்முதலாகப் பாடிய நகர அரங்கம் பவரொட்டியின் மறைவுக்குப் பின் அவருடைய பெயரைத் தாங்கியது. இப்போது அதன் பெயர் பவரொட்டி-ஃப்ரேனி நகர அரங்கம்.

புதிதாகக் கேட்பவர் எங்கிருந்து தொடங்கலாம்?

மிமியிலிருந்தே தொடங்குங்கள், ஆனால் ஒரே பதிவோடு நின்றுவிடாதீர்கள். 1963 இல் ரோமில் தாமஸ் ஷிப்பர்ஸ் நடத்த, நிக்கோலாய் கெத்தாவுடன் பாடிய பதிவையும், 1972 பெர்லின் பதிவையும், 1980களின் இறுதியில் சான் ஃபிரான்சிஸ்கோ ஓபராவில் பவரொட்டியுடன் பாடிய காட்சிப்பதிவையும் வரிசையாக எடுத்துக்கொண்டு, மூன்றாம் அங்கத்தில் வரும் ‘தோந்தே லியேத்தா உஷீ’ என்ற பிரிவுப் பாட்டை மட்டும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பனி பெய்யும் விடியலில் மிமி காதலனிடம் விடைபெறுகிறாள். தன் சிறு பொருள்களை எடுத்து வைக்கச் சொல்கிறாள். தலையணைக்கு அடியில் இருக்கும் இளஞ்சிவப்புத் தொப்பியை மட்டும் வேண்டுமானால் நினைவாக வைத்துக்கொள் என்கிறாள். முதல் பதிவில் 28 வயதுக் குரல், புதுத் துணிபோல் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. இரண்டாவதில் அந்த வரிக்கு முன் ஒரு சிறு தயக்கம் சேர்ந்திருக்கிறது. மூன்றாவதில் பாடகிக்கு ஐம்பது கடந்துவிட்டது. மேல் சுரங்களில் சற்று அகலம் கூடியிருக்கிறது. மனக்கசப்பு இல்லாமல் பிரிவோம் என்ற கடைசி வரியை மூன்று பதிவுகளிலும் அவர் மெல்லிய குரலில்தான் முடிக்கிறார். மூன்றாவது பதிவில் அந்த மென்மை மற்ற இரண்டையும்விட நீண்ட நேரம் காற்றில் நிற்கிறது.